பாதி மாத்திரை

"இந்தத் தடவை நேரத்தோட வந்துட்டேன்ல, தங்கச்சி?" என்று தையல்கார அக்கா கேட்டார். கூடைக்குள் பூனை தும்மியது. ஆமாம் என்றேன். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. அதனால்தான் விசாரிக்க வந்த உங்களுக்கு எழுதித் தருகிறேன்.

பத்தாவதோடு பள்ளியை விட்டேன். கால்நடை மருத்துவரிடம் மேசை துடைப்பதும் நாயைப் பிடித்துக்கொள்வதும் என் வேலை. மகன் வீட்டுக்குப் போன இடத்தில் டாக்டர் இறந்துபோனார். மறுநாள் வாசலில் ஆறு பேர் காத்திருந்தார்கள். "டாக்டர் ஊர்ல இல்ல, நான் பாக்குறேன்" என்றேன். குட்டி டாக்டர் என்று கேலி செய்துகொண்டே உள்ளே வந்தார்கள். அவருடைய பதிவுச் சான்றிதழ் சுவரிலேயே இருந்தது. அதைத் துடைக்க நான் ஒருநாளும் மறந்ததில்லை.

மனிதர்கள் போடும் காய்ச்சல் மாத்திரையைப் பெரிய நாய்க்கு அவர் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். பூனை சிறியது, பாதி கொடுத்தேன். முகம் வீங்கியது, ஈறு பழுப்பானது, மூச்சு நின்றது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். காய்ச்சல் குறைந்ததையும் எழுதினேன்.

அப்படிச் செத்த பூனைகளில் அக்காவின் முதல் பூனை ஒன்பதாவது. அவர் டாக்டர்களைப் பதிவு செய்யும் கால்நடை மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பினார். தேதி, மருந்து, சுவரிலிருந்த பதிவு எண், எதையும் விடவில்லை. கவுன்சில் டாக்டரிடம் விளக்கம் கேட்டது. பதிவு எதற்கு என்று அன்றுதான் புரிந்தது. கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அவர் இல்லை, நான் இருந்தேன். 'காலம் தாழ்த்திக் கொண்டுவந்தார்கள்' என்று எழுதி, அவருடைய கையெழுத்தைப் போட்டேன். நகல் அக்காவுக்கும் போனது.

"என் அசட்டையாலதான் போச்சு. பாவம், டாக்டர் மேல பழி போட்டேனே. மன்னிச்சுக்கச் சொல்லும்மா" என்று தெருமுனையில் அழுதார். சொல்கிறேன் என்றேன்.

அதனால்தான் அடுத்த பூனையை முதல் தும்மலிலேயே தூக்கி வந்தார். மாத்திரை கொல்லும் என்பது அதற்குள் நோட்டைப் பார்த்தே எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் மருந்தை மாற்றினால் முன்பு கொடுத்தது தப்பென்று ஆகிவிடும். அக்கா மனம் என்ன பாடுபடும்? பாதியை உடைத்து நாக்குக்குப் பின்னால் வைத்தேன். "சமத்து, முழுங்கிடுச்சு" என்று அதன் தலையைத் தடவினார்.

மறுநாள் கூடையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். உள்ளே அசைவில்லை.

"ஒருநாள் முன்னாடி வந்திருக்கலாம்க்கா" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். சுவரிலிருந்த சான்றிதழைப் பார்த்தார். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.