கருமீன் கடிக்கும் வாரம்

மழை பிடிப்பதற்கு முந்திய வாரத்தில்தான் கருமீன் நன்றாகக் கடிக்கும், ஐயா. சீசனுக்கு நுவரெலியா வருகிற கொழும்புத் துரைமாரிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். சித்திரையில் கூட்டத்தோடு கூட்டமாக வந்து, படகை வாடகைக்கு எடுத்து, வெறுங்கையோடு திரும்பிப் போவார்கள். வைகாசியில் ஏரி ஆளில்லாமல் கிடக்கும்போது, தார் பூசியது போல் முதுகு கறுத்த கிழட்டுக் கெண்டைகள் ஆழத்தை விட்டுக் கரைப் பக்கம் வரும். அதைத்தான் நாங்கள் கருமீன் என்போம். விஷயம் தெரிந்த நாலைந்து பேர் மட்டும் அந்த வாரத்தில் எங்கள் படகைத் தேடி வருவார்கள்.

எங்கள் என்றால் நானும் மூக்கனும். என் பெயர் செல்லசாமி. இருவரும் ஒரே தேயிலைத் தோட்டம், வீடுகள் வரிசையாய் ஒட்டிய ஒரே லயம்; எங்கள் காம்பராவுக்கும் அவன் காம்பராவுக்கும் நடுவே ஒரு சுவர்தான். பதினொரு வருடம் ஒரே படகில் வேலை செய்தோம். நான் துடுப்புப் போடுவேன். அவன் புண்ணாக்கையும் அவித்த சோளத்தையும் பிசைந்து, ஓட்டைச் சாக்கில் கட்டி, கல்லோடு தண்ணீரில் இறக்கி மீனைக் கூட்டுவான். துரைமாரிடம் பேசுவது என் பொறுப்பு. மூக்கனைப் பேச விட்டால் பிழைப்பில் மண்தான். ஒரு வக்கீல் துரை தான் பிடித்த மீனைத் தூக்கிக் காட்டி எப்படி என்று கேட்டபோது, "இது குட்டிங்க தொரை. விட்டுட்டா அடுத்த வருசம் பெருசாகும்" என்று சொன்ன மகான் அவன். மீன் பிடிக்கிற தொழிலில் பாதி பொய் என்பது அவன் மண்டையில் கடைசி வரை ஏறவில்லை.

இலங்கைப் பிரஜாவுரிமைக்கு நான் மனுப் போட்டது ஐம்பத்தொன்றில். விசாரணைக்குக் கூப்பிட்டது இந்த ஐம்பத்தாறில். மனைவி ஒரு தடவை இந்தியாவுக்குப் போனால் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கியிருக்கக் கூடாது என்பது சட்டம். என் மனைவி அழகம்மா நாற்பத்தொன்றில் பிரசவத்துக்காகத் துறையூருக்குப் போனவள், திரும்பி வர அனுமதி கிடைக்காமல் பதினாலு மாதம் அங்கேயே கிடந்தாள். அந்த இரண்டு மாதத்துக்காக நாங்கள் மூன்று பேரும் நாடில்லாதவர்கள் ஆக வேண்டும். துறையூரை நான் கண்ணாலும் கண்டதில்லை. யாரிடம் போய் முறையிடுவது? சட்டம் போட்டவர்களைத் தட்டிக் கேட்க எங்களுக்கு ஓட்டும் இல்லை. வலையில் விழுந்த மீனாவது துள்ளிப் பார்க்கும். எனக்கு அதற்கும் வழி தெரியவில்லை.

அதனால் மனுவில் அவள் எங்கும் போகவில்லை, பையன் லயத்திலேயே பிறந்தான் என்று எழுதினேன். பிறப்பைப் பதியாத பிள்ளைகள் தோட்டத்தில் எத்தனையோ உண்டு. உண்மை தெரிந்த பழைய ஆட்களில் மிச்சமிருந்தது மூக்கனும் அவன் மனைவி ராக்காயியும்தான். பக்கத்து வீட்டுச் சாட்சி என்று மூக்கனுக்கும் கடிதம் வந்துவிட்டது.

அன்று கடைசிச் சவாரி. டாக்டர் துரை ஒருவர் இரண்டு கருமீனோடு பகலிலேயே இறங்கிப் போய்விட்டார். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. இரைச் சாக்கைத் தூக்காமல் விட்டால் மழை முடியும் வரை அழுகிக் கிடக்கும். அதை எடுக்க நாங்கள் இருவரும் மறுபடி போனோம். பாதி வழியில் மூக்கன் பேச்சை எடுத்தான்.

"மச்சான், சாமி பேர்ல சத்தியம் வாங்கிட்டுத்தான் கேப்பாங்களாமே. என் வாயில பொய் நிக்காதுன்னு ஒனக்குத் தெரியுமில்ல?"

"அப்ப என்ன சொல்லப்போற?"

"ரெண்டு நாளா அதத்தான் யோசிச்சேன்" என்றவன், சாக்கின் கயிறு கைக்கு எட்டியதும் பேச்சை விட்டுவிட்டு எழுந்து நின்று இழுத்தான்.

சாக்கு அடியில் பாசியில் சிக்கியிருந்தது. கயிறு அறுந்தது, அவன் விழுந்தான். படகை நான் ஆட்டவில்லை, அதை நீங்கள் நம்ப வேண்டும். இருவருக்கும் நீச்சல் தெரியாது. மலையில் பிறந்தவனுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? துடுப்பை நீட்டினேன், எட்டவில்லை என்று அன்று உங்கள் போலீஸ் ஆட்களிடம் சொன்னேன். அவர்களும் அப்படியே எழுதி மூடிவிட்டார்கள்.

நாற்பதாம் நாள் பிரஜாவுரிமை விசாரணை. செத்தவனுக்குப் பதிலாக ராக்காயியைக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் வெள்ளைச் சேலையோடு மேசை முன்னால் நின்று, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னாள்:

"அழகம்மா ஊருக்குப் போனதே இல்லீங்க ஐயா. பையன் பொறந்தப்ப நான்தான் வெந்நி வச்சுக் குடுத்தேன்."

அதிகாரி எழுதிக்கொண்டார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. அந்த நேரம் பார்த்து என் பக்கத்தில் நின்ற அழகம்மா விம்மி அழ ஆரம்பித்தாள்.

"தாலியறுத்தவ எனக்காகப் பொய் சொல்றா. நான் பாத்துக்கிட்டு நிக்கவா? போனேங்க ஐயா. பதினாலு மாசம் இருந்தேன்."

அதிகாரி மனுவைத் தள்ளி ஃபைலை மூடிவிட்டார். கோபப்படவும் இல்லை. எத்தனை ஃபைல்களை அப்படி மூடினாரோ.

வெளியே மரத்தடியில் ராக்காயி என்னிடம் வந்தாள். "அண்ணே, நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டேனா? அன்னைக்குக் காலையில ஏரிக்குப் போறப்ப அவருதான் சொன்னாரு. 'எனக்குப் பொய் வராது புள்ள, நீயும் வா. நீ சொல்லு, நான் பக்கத்துல நின்னு தலைய ஆட்டிக்கிறேன்'னாரு. ஒங்ககிட்ட படகுல சொல்லுறேன்னாரே, சொல்லலியா?"

இல்லை என்றேன். அதுதான் நான் அவளிடம் சொன்ன ஒரே உண்மை.

ஐயா, துடுப்பு எட்டியது. முதல் தடவை மேலே வந்தபோது நான் அதை நீட்டவே இல்லை. இரண்டாம் தடவை நீட்டினேன். அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இழு மச்சான்" என்றான். அவன் முகத்தில் பயம்கூட இல்லை. நான் இருக்கிறேன் என்ற தைரியம். நான் துடுப்பை அவன் நெஞ்சில் வைத்துக் கீழே அழுத்தினேன். கை விடுபடும் வரை அழுத்தினேன். அப்புறமும் ஒரு தடவை தலை தெரிந்தது, அப்போதும் அழுத்தினேன். பிறகு கரைக்கு வந்து கூச்சல் போட்டேன். யாரும் அடித்துக் கேட்டு இதைச் சொல்லவில்லை. நானாகத்தான் வந்து சொல்கிறேன்.

மூக்கனைக் கொன்றது செல்லசாமிதான் என்று எழுதிக்கொள்ளுங்கள். அழகம்மா அன்று இரண்டு மாதம் முந்தித் திரும்பக் கப்பலேறியிருந்தால் அவன் இன்றைக்கு உயிரோடு இருப்பான் என்பதையும் கூடவே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.