முன் ஷாப்ட்டு

— ஏட்டி தங்கமாரி, அந்தச் சாக்க எடு. உரச்சாக்கு வேண்டாம், சணல் சாக்கு. ஷாப்ட்டோட முனை கிழிச்சிரும்.

— இந்தா. நீச்சத்தண்ணி கரைச்சு வச்சிருக்கேன், குடிச்சிட்டுப் போங்க. வெறும் வயித்தோட இரும்பத் தூக்கிக்கிட்டு...

— கோவில்பட்டி பஸ்ஸு வந்துரும்ட்டி.

— நம்ம பஸ்ஸு என்னைக்கு நேரத்துக்கு வந்திருக்கு? உக்காருங்க. மோர்மிளகா பொரிச்சிருக்கேன்.

— ம்... நல்லாப் புளிச்சிருக்கு.

— இந்த வருசமாவது அந்தச் சத்தம் இல்லாமப் பாத்துட்டு வாங்க. போன ரெண்டு மழையிலயும் ஜீப்புல முன் கியரப் போட்டா கடகடகடன்னு அடிக்குது. காலுக்கடியில யாரோ உரல் இடிச்ச மாதிரி.

— கிராஸ் தேஞ்சு போச்சு, கேட்டியா. முன் சக்கரத்தச் சுத்துத இந்த ஷாப்ட்டு முனையில நாலு கால் வச்ச சின்னச் சாமான். அத மாத்துனா சத்தம் போயிரும்.

— பெறவு ஏன் ரெண்டு வருசமா மாத்தல?

— வருசத்துல ரெண்டு மாசந்தான மழை. அதுக்கப்புறம் கழட்டித்தான வைக்கோம்.

— தையில கழட்டுததும் புரட்டாசியில மாட்டுததும். ஊர்ல பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்காவ. என் வீட்டு ஆம்பள வண்டிக்கடியில மல்லாந்து கெடக்காவ. அது பாட்டுக்கு மாட்டிக் கெடந்தா என்ன?

— மாட்டியிருந்தா சும்மா சுத்திக்கிட்டே கெடக்கும். டீசலத் தின்னும். காஞ்ச தரையில அதுக்கு என்ன சோலி? இந்தப் பக்கம் ஜீப்பு வச்சிருக்கவன் பூராவும் அப்படித்தான் கழட்டிப் பரண்ல போடுதான்.

— போடட்டும். மழைக்கு முன்ன மாட்டாம மட்டும் விட்டுராதீய. முன் சக்கரம் இழுக்காத வண்டிய நம்பி இந்தக் காட்டுக்குள்ள நான் இருக்க மாட்டேன்.

— கல்யாணமாகி வந்த வருசத்துலருந்து இதத்தான் சொல்லுத.

— பெறவு? எட்டயபுரத்துல ரோட்டு மேல வளந்தவள கொண்டாந்து கரிசக்காட்டுக்கு நடுவுல வச்சுட்டிய. மொத மழையில முழங்கால் வரைக்கும் உள்ள போயிட்டேன். என் கல்யாணச் செருப்பு இன்னும் அதுக்குள்ளதான் கெடக்கு.

— தோண்டிப் பாத்துருவமா? மொளச்சிருந்தாலும் மொளச்சிருக்கும்.

— சிரிக்காதீய.

— பயப்படாதட்டி. முன்னால இழுக்க ரெண்டு, பின்னால தள்ள ரெண்டு. ஒனக்கு என்ன கவல?

— வரும்போது ஸ்டவ்வுக்குத் திரி வாங்கிட்டு வாங்க. மறந்துராதீய.

— திரி. சரி. வேற?

— வேற ஒண்ணுமில்ல. இருட்டுததுக்கு முன்ன திரும்பி வாங்க.

— படலச் சாத்திக்கோ. ஆடு உள்ள வந்துரும்.

*

— சுந்தரபாண்டி பட்டறை இதுதான தம்பி?

— ஆமாக்கா, நாந்தான். வண்டிய ஓரமாப் போடச் சொல்லுங்க. டிரைவர் எங்க?

— டிரைவர் நாந்தான்.

— நீங்களா? எங்கருந்து?

— நாகலாபுரத்துக்கும் தெக்க. வழி நெடுக பஸ்ஸுக்குள்ள இருந்து எட்டி எட்டிப் பாக்காவ. ஒருத்தன் என்னையப் பாத்துக்கிட்டே சைக்கிளோட ஓடைக்குள்ள எறங்கிட்டான்.

— ஹஹ்ஹா! யாருக்கா பழக்குனது?

— எங்க வீட்ல அவியதான். அறுத்த சோளக்காட்டுல. பயந்து பயந்து ஓட்டுவேன். 'இங்கன எதுலட்டி கொண்டு போய் இடிப்ப, வானத்துலயா'ம்பாவ.

— இருங்க, நாகலாபுரத்துக்குத் தெக்க, பழைய ஜீப்புன்னா... அய்யாத்துரை அண்ணாச்சி வண்டில்லா? நீங்க அண்ணாச்சி வீட்டுக்காரம்மாவா?

— ஆமா.

— கேள்விப்பட்டேன்க்கா. என்ன சொல்லுததுன்னு தெரியல. பஸ்ஸுலயேன்னாவ...

— பஸ்ஸுலயேதான். வழியிலயே சாஞ்சிருக்காவ. பக்கத்துல இருந்த மனுசன், தூங்குதாவன்னு நெனச்சுத் தோள் குடுத்துக்கிட்டு வந்திருக்காரு. கோவில்பட்டி ஸ்டாண்டுல எழுப்பும்போதுதான் தெரிஞ்சிருக்கு. புரட்டாசி பொறந்தா ஒரு வருசம் ஆகுது.

— எங்கிட்டதான்க்கா வந்துக்கிட்டிருந்திருப்பாரு. அண்ணாச்சி சாமானைத்தான் கொண்டு வருவாரு, வண்டிய ஒரு நாள் காட்டுனதில்ல. 'கழட்டுதது நான், மாட்டுததும் நான், நடுவுல உள்ளதுதான் உனக்கு'ம்பாரு.

— ஆமா. ஒரு நட்டு வேற ஆள் கை பட விடமாட்டாவ.

— சரி, சொல்லுங்க. என்ன செய்யணும்?

— மழைக்கு முன்ன நாலு சக்கரமும் இழுக்கணும் தம்பி. மகளத் திருப்பூர்ல கட்டிக்குடுத்திருக்கு. போன மழைக்கு அங்க போயிட்டேன். இந்த வருசம் அவ ஒரே பிடியா நிக்கா. 'வண்டி சேத்துல ஓடும்னா இரு. இல்லன்னா வீட்டப் பூட்டிட்டு எங்கூட வந்துரு'ங்கா. அடுத்த மாசம் வாரா, பாக்க.

— பிள்ளை சொல்லுததும் சரிதானக்கா. தனியா ஏன் அங்கன?

— அங்க எல்லாரும் இருக்காவ தம்பி. மக, மருமகன், பேரன், டி.வி. எங்க வீட்டு ஆள் பேச்ச எடுத்தா மட்டும், 'அழாதம்மா'ன்னு பேச்ச மாத்திருதாவ. நான் அழவே இல்ல, சும்மாதான் சொன்னேன். இங்கன ஆளே இல்ல. நான் பாட்டுக்கு அவியளோட பேசிக்கிடலாம்.

— ம். பானட்டத் தூக்குதேன். பிரேக்கு எப்படி இருக்கு?

— ஒரு மிதிக்கு நிக்காது. ரெண்டாவது மிதிக்கு நிக்கும்.

— வீல் சிலிண்டர்ல ரப்பர் கப்பு போயிருக்கும். அது இங்கனயே கெடைக்கும். ஸ்டேரிங்கு?

— கையில ஆடுது. நேராப் போகணும்னா கொஞ்சம் வலக்கைப் பக்கம் பிடிச்சுக்கிட்டே வரணும்.

— கிங்பின்னு தேஞ்சிருக்கு. பாப்போம். இது என்னக்கா, டீசல் டேங்குல சோப்பா தேச்சிருக்கு?

— ஒழுகுச்சு. அவிய சோப்பத்தான் அப்பி வைப்பாவ. நானும் மாசத்துக்கொருக்க அப்புதேன்.

— எந்தச் சோப்பு? டேங்கு வாசமால்லா இருக்கு!

— குளிக்கச் சோப்புதான். அவிய போன பெறவு வீட்டுல சோப்பு தீரவே மாட்டேங்குது.

— ...சரிக்கா. இதெல்லாம் முடிச்சிரலாம். முன் ஷாப்ட்டு எங்க? அடியில காணோமே?

— அதுதான் அன்னைக்குச் சாக்குல கொண்டு வந்தது. ஆளத் தூக்குன அவசரத்துல சாக்க யாரு பாத்தா? டிப்போவுல கேட்டாச்சு, ஸ்டாண்டுல கேட்டாச்சு. இல்ல.

— அய்யய்யோ, அதாங்க்கா செரமம். இது ஆதியில பெட்ரோல் வண்டி. டீசல் எஞ்சின் மாத்தி ஏத்தியிருக்கு. எஞ்சின் நீளம் கூட, அதனால கியர்பாக்ஸு பின்னால தள்ளி உக்காந்திருக்கு. கடையில விக்கிற முன் ஷாப்ட்டு எட்டாது. பழைய இரும்புக் கடையிலதான் தேடணும், பெறவு லேத்துல வெட்டி ஒட்டணும். மதுரைக்குத்தான் போகணும். எனக்கு இப்பப் பட்டறையப் போட்டுட்டு...

— நான் போறேன். எப்படிக் கேக்கணும்னு சொல்லிக்குடு.

— நீங்களா? அது பூராவும் கிரீஸும் துருவுமாக் கெடக்கும்க்கா.

— கரிசலவிடவா ஒட்டிரும்?

— அளவு வேணும். கயிறு பிடிச்சா இழுபடும், கட்டுக்கம்பி வெட்டித் தாரேன். கம்பியவிடக் கொஞ்சம் கூட இருந்தாலும் எடுத்துக்கிடுங்க, கொறையப்பிடாது. கையில பிடிச்சு முறுக்கிப் பாருங்க, ஆட்டம் இருந்தா வேண்டாம். எதுக்குக்கா இவ்வளவு பாடு? மழை நாள்ல வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டா...

— முன்ன ஒரு ஐப்பசி மழையில பருத்திக்காட்டுல என்னையப் பாம்பு தீண்டிருச்சு தம்பி. தரை பூராவும் களி. மாட்டு வண்டி ஒரு அடி நகராது. இந்த ஜீப்புலதான் போட்டு விளாத்திகுளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாவ. கண்ணு சொருகுது எனக்கு. முன் கியரப் போட்டீயளான்னு மட்டும் கேட்டேன். 'போட்டாச்சுட்டி, பயப்படாத'ன்னாவ. அந்த முன் கியர் இருந்ததுனாலதான் இன்னைக்கு உங்கிட்ட உக்காந்து பேசுதேன்.

— கம்பிய வெட்டுதேன்க்கா.

*

— என்ன தம்பி, வரச் சொல்லி ஆள் விட்டியாம்? முடிஞ்சிருச்சா? மக ஞாயித்துக்கிழமை வாரா.

— உக்காருங்கக்கா. டீ சொல்லுதேன்.

— டீ இருக்கட்டும். மதுரை ஷாப்ட்டு சேரலையா? நாலு கடை ஏறி எறங்கி எடுத்தேனே.

— சேந்துருச்சு. அருமையான ஷாப்ட்டு. மதுரைக்காரனையே ஏமாத்தி வாங்கியிருக்கீய. லேத்துல ஒட்டி, புது கிராஸ் போட்டு மாட்டிட்டேன். இங்கன குனிஞ்சு பாருங்க. முன் சக்கரம் ரெண்டையும் ஜாக்கியில தூக்கி வச்சிருக்கு. இந்த ஷாப்ட்டக் கையால சுத்துங்க.

— சுத்துதே. சத்தங்கூட இல்ல.

— சக்கரத்தப் பாருங்க.

— அசையல.

— ஷாப்ட்டு சுத்துனா சக்கரம் சுத்தணும்லா? அதான் முன் ஆக்சில் மூடியக் கழட்டிப் பாத்தேன். டார்ச்சு அடிக்கேன், பாருங்க. உள்ள இந்தச் சின்னப் பல்லு இருக்கா? இதுக்கு ஜோடி, தாம்பாளம் கணக்கா ஒரு பெரிய பல்சக்கரம், கிரவுன்னு சொல்லுவோம், இங்கன இருக்கணும். அதுதான் சக்கரத்தச் சுத்தும். அது இல்ல.

— இல்லன்னா?

— இல்லக்கா. எடம் காலியா இருக்கு.

— இங்க வரும்போது இருந்துச்சா?

— அதத்தான்க்கா சொல்ல வாரேன்...

— நான் மதுரைக்குப் போனன்னைக்கு வண்டி இங்கனதான கெடந்துச்சு? ஒத்தப் பொம்பள, இவளுக்கு என்ன தெரியப் போகுதுன்னு எடுத்து வித்துட்டியா?

— யக்கா!

— இல்ல, கேக்கேன். தானாவா நடந்து போகும்? எங்க வீட்ல அவிய கையாலயே பாத்து வச்சிருந்த வண்டிய்யா இது. அதான் ஒரு ஆளு கை படவிடலையோ என்னமோ.

— நல்லாக் கேளுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன். கேட்டு முடிச்சுட்டு இதப் பாருங்க. மூடிக்கு அடியில எண்ணெய் ஒழுகாம இருக்க ஒரு அட்டை வெட்டி வைப்போம். இந்த மூடிக்கடியில இருந்தது இதுதான். நான் தொறந்து மூடியிருந்தா அட்டை புதுசாருக்கும்லா? இதப் பாருங்க, எண்ணெய்யில ஊறிக் கறுத்து, இரும்போட இரும்பா ஒட்டிப்போய்க் கெடந்துச்சு. சுரண்டி எடுத்தேன்.

— இது என்ன, எழுத்து மாதிரி?

— தொடைச்சுப் பாருங்க.

— ...தீப்பெட்டி ஆபீஸ் காலண்டரு. தொண்ணூத்தி மூணு.

— தெரியுமாக்கா?

— எங்க வீட்டுக் காலண்டர் அட்டை. ஒரு நாள் காலையில பாத்தா தேதித்தாள் மட்டும் ஆணியில தொங்குது, அட்டையக் காணோம். எங்கன்னு கேட்டேன். 'எலி கடிச்சிருச்சு'ன்னாவ. எந்த எலி தாள விட்டுட்டு அட்டையத் திங்கும்னு சண்ட போட்டேன்.

— அண்ணாச்சி வெட்டுதான்க்கா. கத்திரி வச்சு எவ்வளவு சுத்தமா வெட்டியிருக்காரு பாருங்க, ஒவ்வொரு ஓட்டையும். உள்ள பல்லு ஒடஞ்சிருக்கும். ஒடஞ்ச துண்டு உள்ள கெடந்தா பாக்கியையும் அரைச்சிரும். அதான் கிரவுன வெளிய எடுத்துட்டாரு. இந்தப் பழைய ஆக்சிலுக்கு வேற கெடச்சிருக்காது.

— தம்பி, நான் பேசுனதை...

— அத விடுங்கக்கா.

— பாம்பு தீண்டுனது தொண்ணூத்தி அஞ்சுல.

— அப்ப கிரவுன் எடுத்து ரெண்டு வருசம் ஆயிருக்கும்க்கா.

— முன் கியர் லிவர் இழுத்த சத்தம் கேட்டுச்சே. என் காதால கேட்டேன்.

— இழுத்திருப்பாரு. ஷாப்ட்டும் சுத்தியிருக்கும். சத்தம் எல்லாம் வரும்க்கா. சக்கரத்துக்குப் போகாது.

— வழியில எறங்கி எறங்கி ஏறுனாவ. என்னன்னு கேட்டா, 'ஒண்ணுமில்ல, கல்லு கெடக்கு'ன்னாவ. கரிசக்காட்டுல ஏது கல்லு? அப்ப அது தோணல எனக்கு. ஆஸ்பத்திரியில பாக்கேன், வேட்டி சட்டை பூராவும் களி. கையெல்லாம் பருத்திமாருக் குச்சி கீறி ரத்தம்.

— மாரு அள்ளிச் சக்கரத்துக்கடியில போட்டு வண்டியக் கெளப்பியிருக்காரு.

— பெறவு எதுக்குத் தம்பி வருசா வருசம் அதக் கழட்டி மாட்டுனாவ? தையில ஒரு நாள், புரட்டாசியில ஒரு நாள். வண்டிக்கடியில கெடந்து...

— நீங்க பாத்துக்கிட்டிருந்தீயளா?

— பக்கத்துலயே நிப்பேன். நட்டு எடுத்துக் குடுப்பேன்.

— அதுக்குத்தான்க்கா.

— ஒண்ணும் இழுக்காத ஷாப்ட்டுக்கா அன்னைக்குக் கிராஸ் மாத்தப் போனாவ?

— சத்தம் வருதுன்னு யாரும் சொன்னீயளா?

— சொன்னேன்.

— டார்ச்ச அணைச்சிருதேன்க்கா.

— சொன்னேன் தம்பி.

— யக்கா, டீ ஆறுது.

— அந்தக் கிரவுன் மதுரையில கெடைக்குமா? இன்னைக்கே பஸ் ஏறுதேன்.

— பொய் சொல்ல மாட்டேன்க்கா. கெடச்சா என்னைக்காவது ஒடைக்க வந்த பழைய வண்டியிலதான் கெடைக்கும். ஞாயித்துக்கிழமைக்குள்ள நடக்காது.

— அப்ப மக வந்து 'ஓடுமா'ன்னு கேட்டா என்ன சொல்லட்டும்? அத்தன மழை. விதைக்கு, வெள்ளாமைக்கு, ஆஸ்பத்திரிக்கு. எது தம்பி எங்கள அந்தச் சேத்துல கொண்டு போய்ச் சேத்துச்சு?

— பின் சக்கரம் ரெண்டுந்தான்க்கா. அதையும் தொறந்து பாத்துட்டேன். அண்ணாச்சி ஓட்டும்போது எப்படி இருந்துச்சோ, அப்படியேதான் இருக்கு.