மரப்பாச்சிக்குத் தாலி

செங்கோட்டை ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மடியில் மகள் கல்யாணச் சீருக்கான கறுத்த மரப்பாச்சி ஜோடி. மற்றவள் வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள்.

"நான் மஞ்சப் பெயிண்ட்ல இழுத்த தாலிய எல்லாம் மரம் முழுங்கிட்டு, மதினி. வெறுங்கழுத்தாக் கொண்டுபோனா சம்பந்தி வீட்ல என்ன சொல்லுவாவ?"

"கருப்பு மேல மஞ்சள் எடுக்காது. அடியில வெள்ளை பூசிக் காயவிடணும். அம்புட்டுதான்." வெள்ளைச் சேலைக்காரி பெண் பொம்மையின் கழுத்தில் அப்படியே பூசி, காய்ந்ததும் மேலே மஞ்சளில் தாலி இழுத்துக் கொடுத்தாள்.

"நீங்க இழுத்தது பளிச்சுன்னு இருக்கு. கல்யாணத்துல முன்னால வந்து உக்காரணும்."

"தாலியறுத்தவ முன்னால எதுக்கு? அடுப்படியில இருந்துக்கிடுதேன்."

"இந்தக் கைதான் மொத அட்சதை போடணும். சம்பந்திகிட்ட சொல்லியாச்சு."

ஜன்னலில் சாரல் அடித்தது. வெள்ளைச் சேலைக்காரி பொம்மைகளை வாங்கி, தாலி நனையாமல் தன் முந்தானையால் மூடிக்கொண்டாள்.