கல்லில் கழற்றிய சப்பாத்து

பின்னேரம் நாலேகால். தொண்ணூறாம் ஆண்டு, டிசம்பர். லண்டனில் அந்த மாதம் நாலேகால் என்றால் இருட்டுத்தான். நியூ மோல்டனில், ரயில் பாதையை ஒட்டி ஓர் ஒடுங்கிய ரோட்டு. ஒரு பக்கம் தகர வேலி, மறுபக்கம் பூட்டிய கராஜ்கள். ஒரு சனம் இல்லை. அந்த ரோட்டால் பெனடிக்ற் நடந்து வந்தான்.

இப்போது சட்டன் பக்கம் யோகராஜா இருக்கிறான் அல்லவா, அந்தக் காலத்தில் அவனோடு ஒரே அறையில் கிடந்தவன் இந்தப் பெனடிக்ற். மன்னார்ப் பெடியன். யோகராஜா வாயைத் திறந்தால் பாதி பொய். இந்தக் கதையை மட்டும் அவன் சிரிக்காமல் சொல்வான்... யாராவது அந்தக் கதவைச் சாத்துங்கள்.

பெனடிக்ற்றின் பைக்குள் ஒரு கடிதம். அகதி வழக்கு வென்றுவிட்டது, இனி இந்த நாட்டில் இருக்கலாம் என்று. அறையில் ஆறு பேர். அவர்களுக்கு முன்னால் அதை விரிக்க அவனுக்கு வெட்கம். வழக்கு வென்ற விதம் அப்படி. இரண்டு வருடத்துக்கு முன் யோகராஜாதான் வழி சொல்லிக் கொடுத்தவன்.

"ஆரும் சாகாமல் கேஸ் நிக்காது, ஐசே. உனக்கொரு தம்பி இருக்கிறானெல்லே?"

"பீற்றர் உயிரோட இருக்கிறான், அண்ணை."

"கடதாசியிலதானே சாகப்போறான். அவனுக்கு நோகாது."

பெனடிக்ற் எழுதிக் கொடுத்தான். தம்பியைச் சுட்டுப்போட்டார்கள் என்று. திகதி, நேரம், எல்லாம் போட்டு. லண்டன் போனதும் உன்னையும் அங்கே கூப்பிடுகிறேன் என்று அதே தம்பிக்குச் சொல்லிவிட்டு வந்தவன். செத்தவனை எப்படிக் கூப்பிடுவது? இரண்டு வருடம் சாட்டுச் சொல்லி இழுத்தான். போன மாதம்தான் தம்பிக்கு உண்மையை எழுதினான். பதில் வரவில்லை.

ரோட்டின் முடிவில் உள்ளங்கை அளவு ஒரு பார்க். அதற்குள் கொரியாக்காரர் தங்கள் ஊர் முறையில் ஒரு மண்டபம் கட்டியிருந்தார்கள். சுவர் கிடையாது. சிவப்புத் தூண்கள், நுனி மேலே வளைந்த கறுத்த ஓட்டுக் கூரை, முழங்கால் உயரத்தில் பலகைத் தளம். ஏறுகிற இடத்தில் தட்டையாய் ஒரு கல். கொரியாக் கிழவர்கள் அந்தக் கல்லில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார்கள். வெள்ளைக்காரன் சப்பாத்தோடு ஏறி இருந்து பியர் குடிப்பான். பெனடிக்ற் கழற்றுகிறவன். மடு மாதா கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்து பழகிய கால்.

அன்றும் கழற்றினான். கறுப்புச் சப்பாத்து. ஒன்றுக்குக் கறுப்பு நாடா, மற்றதற்கு மண்ணிற நாடா.

கல்லுக்கு முதுகைக் காட்டி இருந்து, ரோட்டு விளக்கு வெளிச்சத்தில் கடிதத்தை விரித்தான். ஒரு ரயில் போனது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

பிறகு... சொட். சொட். மழை இல்லை.

அடுத்தது மணம். உப்பு, கடற்பாசி, வள்ளத்து எஞ்சின் எண்ணெய்.

பின்னால் ஒரு பலகை முனகியது. இன்னொன்று. ஈர வெறுங்கால் நடக்கிற சத்தம். பக்கத்தில் யாரோ குந்த, பலகை தாழ்ந்தது. அது அவன் தொடையில் தெரிந்தது. திரும்ப நினைத்தான்... கழுத்து திரும்பவில்லை. மடியில் கிடந்த கடிதம் மெல்ல மெல்ல நனைந்தது.

"பீற்றர்..." என்றான்.

பலகை மேலே எழும்பியது. கல்லுப் பக்கம் கொஞ்ச நேரம் ஏதோ உரசியது. பிறகு அடிகள் பார்க்கை விட்டுப் போயின. வந்தது வெறுங்காலின் சத்தம். போனது... சப்பாத்தின் சத்தம்.

திரும்பிப் பார்த்தான். கல்லில் அவனுடைய சப்பாத்து இல்லை. அந்த இடத்தில் ஒரு சோடி றப்பர்ச் செருப்பு, தண்ணீர் வடிய வடிய. இடது வார் அறுந்து, நீல வலை நூலால் தைத்திருந்தது. பெனடிக்ற் ஊரைவிட்டு வெளிக்கிட்ட இரவு, தம்பிக்குத் தன் கையால் தைத்துக் கொடுத்த தையல்.

வெறுங்காலோடு, செருப்பைக் கையில் பிடித்தபடி அறைக்கு வந்தான்.

"சப்பாத்தை வித்துப்போட்டு இதையோ வாங்கினனி?" என்றான் யோகராஜா. அறையே சிரித்தது.

செருப்பை ஹீற்றரில் காய வைத்தார்கள். மூன்று கிழமை. காயவில்லை. ஒவ்வொரு விடியற்காலையும் கீழே தண்ணீர் தேங்கி நின்றது. சிரித்தவர்கள் வேறு அறை தேடிப் போனார்கள்.

அதன் பிறகுதான் தாய் பிலோமினம்மாவின் கடிதம் வந்தது.

"மகன், உன்ர கடிதத்தைக் கண்ட அண்டைக்குப் பிறகு பீற்றர் ஒருத்தரோடையும் பேசேல்லை. இந்தியாவுக்குப் போறன் எண்டு வள்ளம் ஏறினவன். வள்ளம் கவிண்டு போச்சு. நாலாம் நாள் பிள்ளை கரையொதுங்கினான். காலில ஆரின்ரையோ கறுப்புச் சப்பாத்து. ஒண்டுக்குக் கறுப்பு நாடா, மற்றதுக்கு மண்ணிறம். எவ்வளவு இழுத்தும் கழரேல்லை. அப்பிடியே சப்பாத்தோட குழியில தாட்டம்."