“நேரில் பார்த்தேன்”

பகல் பன்னிரண்டு மணி. திருவனந்தபுரத்துக் கரமனையில் ஆற்றை நோக்கி இறங்கும் தெரு. ஈ, காக்கை இல்லை... பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நினைத்து விளக்கை ஒட்டி உட்கார்ந்திருக்கிறீர்களே, உங்களுக்காகத்தான் சொல்கிறேன். இது பட்டப்பகலில் நடந்தது. இதோ உங்களோடு உட்கார்ந்திருக்கும் நம் அழகியநம்பியின் பெரிய மாமாவுக்கு.

தொள்ளாயிரத்துப் பதினெட்டு, விஷக்காய்ச்சல் வருஷம். மாமா பகவதிப்பெருமாள் பிள்ளை சுகாதார இன்ஸ்பெக்டர். தொப்பி, பூட்ஸ், வெள்ளிப்பூண் போட்ட பிரம்பு. காய்ச்சலைத் தவிர ஊரில் எல்லாமே அவருக்குப் பயந்தது. சாவு வீட்டுக்குள் போய் உடலைப் பார்த்த பிறகே பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது சட்டம். பிள்ளை தெருவிலேயே நிற்பார். மூக்கில் யூகலிப்டஸ் கைக்குட்டை. உள்ளேயிருந்து யாராவது “காய்ச்சல்” என்றால் போதும்... “நேரில் பார்த்தேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும்.

அந்த ஆற்றுத் தெருவில் இருந்த சேஷனின் பெண்டாட்டி லலிதாம்பாள் செத்தபோதும் அப்படித்தான் எழுதினார். பாடை தூக்க நாலு பேர் கிடைக்காத காலம். வண்டி வந்து எடுத்துக்கொண்டு போயிற்று. எரித்தும் ஆயிற்று.

மறுநாள் காய்ச்சல் கொட்டகை நர்ஸ் ராகேல் வழிமறித்தாள். வண்டியில் துணி விலகியபோது பார்த்தவள்.

“சார், காய்ச்சலுக்கு விரல் உண்டா?”

“என்னது?”

“அந்தம்மா கழுத்துல அஞ்சு விரலும் பதிஞ்சு கெடந்துது. சார்தான் நேர்ல பாத்தியளே.”

பிள்ளைக்கு அடுத்த வாரம் சீஃப் இன்ஸ்பெக்டர் உத்தியோகம் வருவதாக இருந்தது. கொலை என்று பேச்சுக் கிளம்பினால் முதலில் சந்தி சிரிப்பது அவர் கையெழுத்துதான். சேஷன் வாயைத் திறப்பானா, மாட்டானா... தெரியாமல் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் அந்தப் பன்னிரண்டு மணிக்கு, யார் கண்ணிலும் படாமல், சேஷன் வீட்டு வாசலில் போய் நின்றார்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம். முதல் கூப்பாட்டுக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். வேண்டாதது ஒரு தடவைதான் கூப்பிடுமாம். மனுஷர் என்றால் இன்னொரு தரம் கூப்பிடட்டும்...

“சேஷன் சாமி.” ஒரு தடவைதான் கூப்பிட்டார்.

“இதோ வந்துட்டேன்” என்றது உள்ளே ஒரு பெண் குரல். உடனே.

சேஷனுக்கு அம்மா இல்லை, தங்கை இல்லை. அப்படியானால் வேறொருத்தியா? அவளுக்காகத்தான் இவளையா? சந்தேகம் பயத்தை முந்திவிட்டது. காய்ச்சல் வந்த நாளிலிருந்து முதல் தடவையாகப் பிள்ளை ஒரு வீட்டுக்குள் நுழைந்தார்.

ஈர மஞ்சள் வாசனை. அடுக்களையில் கரண்டி உரசும் சத்தம்... நின்றது. எட்டிப் பார்த்தார். ஆளில்லை. அடுப்பில் சாம்பல்கூட இல்லை.

கூடத்து மூலையில் சேஷன், முழங்காலைக் கட்டிக்கொண்டு.

“கழுத்தை விட்டப்பறமும் பேசிண்டே இருக்கா. ஒங்களுக்கும் கேட்டுதா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் கொலை வெளியே வரும், சேஷன் தூக்கில். கூடவே பிள்ளையின் உத்தியோகமும். அவர் தொப்பியை நேராக்கிக்கொண்டார்.

“எனக்கு ஒண்ணும் கேக்கல சாமி. பதிவேட்டுல காய்ச்சல்னு இருக்கு. காய்ச்சல்தான்.”

“கேக்கலையா?”

வலது காதை ஒட்டி, அதே பெண் குரல். மூச்சு ஈரமாய்ப் பட்டது... திரும்பினார். யாருமில்லை.

உத்தியோகம் கிடைத்தது. அதற்குப் பிறகு இருபது வருஷம் இருந்தார். யார் பேசினாலும் இடது பக்கம் வந்துதான் பேச வேண்டும். வலது காது செவிடு என்றார்கள் டாக்டர்கள். செவிடு இல்லை என்பார் பிள்ளை. வேறு எதையும் கேட்க... அவள் பேச்சில் அந்தக் காதுக்கு இடைவெளி கிடைக்கவில்லையாம்.