முட்டைச் சோதனையன்று நடந்தது

குழந்தை சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் என் பெயரையும் வீட்டு முகவரியையும் தனித்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன். வயது முப்பத்து மூன்று. சலவை நிலையம் ஒன்றில் இஸ்திரிப் பிரிவைக் கவனித்து வருகிறேன். என் கணவர் ஏ.சி. மெக்கானிக். எங்களுக்கு நான்கு வயதில் ஒரே பெண். மருத்துவமனை நர்ஸ் கீழே விழுந்து கை முறிந்தது தொடர்பாக போலீசார் என்னை விசாரித்ததில் நான் சொல்வதாவது.

என் மகளுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே கரப்பான் வந்துவிட்டது. முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு, கழுத்து எல்லாம் வெடித்து நீர் கசியும். தூக்கத்தில் சொறிந்து ரத்தம் வரும் என்பதால் சட்டைக் கையின் நுனியைத் தைத்து மூடித்தான் படுக்க வைப்பேன். ஒரு வயது நிறைவதற்குள் ஒருநாள், நான் வேலையில் இருந்தபோது, என் கணவர் முந்திரி அரைத்துச் சேர்த்த கூழை அவளுக்கு ஊட்டியிருக்கிறார். உதடு வீங்கி, இருமி, வாந்தி எடுத்து, அவர் கையிலேயே துவண்டுவிட்டாள். வண்டி எதுவும் கிடைக்காமல் தூக்கிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தை கண் விழித்திருந்தாள், அவர்தான் செருப்பில்லாமல் நின்றிருந்தார். அன்று நடந்ததை அவர் என்னிடம் ஒரு தடவைக்கு மேல் சொன்னதில்லை.

அதன் பிறகு ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுத்தார்கள். முந்திரி மட்டுமல்ல, முட்டை, பால், கோதுமை, மீன் எல்லாமே ஆகாது என்று சொன்னார்கள். அன்றிலிருந்து என் கணவர் அத்தனையையும் நிறுத்திவிட்டார். பக்கத்து வீட்டில் கொடுத்த பிஸ்கட்டை அவள் வாய்க்குள் விரலை விட்டு எடுத்திருக்கிறார். இத்தனை நிறுத்தியும் தோல் ஆறவில்லை. போன வருடம் வாங்கிய கவுன் இந்த வருடமும் அவள் உடம்பில் தொளதொளவென்று தொங்கியது.

அதன் பிறகு வேறொரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். அவர் முதலில் தோலைத்தான் பார்த்தார். குளித்த ஈரம் காய்வதற்குள் களிம்பை அள்ளிப் பூசச் சொன்னார், சிவந்த இடத்துக்கு மட்டும் வேறு மருந்து கொடுத்தார். சாப்பாட்டில் எதையும் மாற்றாமலே தோல் ஆறிவிட்டது. பிறகு அவர், "ரத்தத்துல காட்டினா அலர்ஜின்னு முடிவு கட்டிட முடியாதும்மா. சாப்பிட வச்சுப் பாத்தாத்தான் தெரியும். ஆனா வீட்ல முயற்சி பண்ணவே கூடாது. இங்க, எங்க கண்ணு முன்னாடிதான்" என்றார். என் கணவர், "தோல் சரியாச்சுல்ல, அதோட விட்டுடுங்க" என்று எழுந்து வந்துவிட்டார்.

நான் விடவில்லை. அவருக்குத் தெரியாமல் முதலில் பால் சோதனைக்கு அழைத்துப் போனேன். ஒன்றும் ஆகவில்லை. அது முதல் என் தங்கை வீட்டில் அவளுக்குப் பால் கொடுத்து வந்தேன். அடுத்து முட்டைச் சோதனைக்கு நாள் வாங்கி, சம்மதப் படிவத்தில் நான் மட்டும் கையெழுத்துப் போட்டேன். மறைத்தது நான்தான். டாக்டரம்மாவிடமும் என் கணவர் சம்மதித்துவிட்டார் என்றே சொல்லியிருந்தேன்.

சம்பவத்தன்று காலை குழந்தைகள் வார்டின் கோடி அறையில் சோதனை தொடங்கியது. வெந்த முட்டையை மசித்துக் கடுகளவு கொடுத்து, காத்திருந்து, பிறகு கொஞ்சம் கூட்டிக் கொடுப்பார்கள். நர்ஸ் ஒவ்வொரு தடவையும் அவள் வயிற்றையும் முதுகையும் திருப்பிப் பார்த்தார். மகள் பொம்மைக்கும் ஒரு வாய் கேட்டாள். நர்ஸ், "பொம்மைக்கு டெஸ்ட் நாளைக்கு" என்றார். ஒரு கரண்டி அளவு சாப்பிட்டு முடித்ததும் டாக்டரம்மா பார்த்துவிட்டு அடுத்த அறைக் குழந்தையிடம் போனார்.

அப்போது என் கணவர் உள்ளே வந்தார். "நாளைக்கு முட்டை டாக்டர்கிட்ட போறோம்" என்று மகள் அவரிடம் முந்தின நாள் சொல்லியிருக்கிறாள். விளையாட்டு என்று நினைத்திருந்தவருக்கு வேலையின் நடுவே திடீரென்று பொறி தட்டியிருக்கிறது. கையில் கிரீஸ்கூடக் கழுவாமல் வந்திருந்தார். கரண்டியைப் பார்த்தார்.

"என்னது இது?"

"முட்டை சார். டெஸ்ட் நடக்குது. நீங்க உக்காருங்க, டாக்டரைக் கூப்பிடறேன்" என்றார் நர்ஸ்.

"என் பொண்ணு உசுரை வச்சு டெஸ்டா?" என்று கேட்டு மகளைத் தூக்கிக்கொண்டார். நர்ஸ் வாசலில் போய் நின்று, "இப்போ வெளிய போகக் கூடாது சார், எப்ப வேணா ரியாக்ஷன் வரலாம்" என்றார். என் கணவர் இடது கையால் அவரைத் தள்ளினார். அவர் மருந்துத் தள்ளுவண்டியில் மோதி, கை மடங்கிய நிலையில் விழுந்தார். விழுந்த இடத்திலிருந்தே, "ஊசிய எடுத்துக்கிட்டு ஓடுங்கம்மா" என்று என்னிடம் கத்தினார். நான் தட்டிலிருந்த பேனா போன்ற அவசர ஊசியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

அதன் பிறகு லிஃப்ட் கதவு மூடுவதற்குள் நானும் நுழைந்துவிட்டேன். உள்ளே நாங்கள் மூவர்தான். அவர் வண்டி நிறுத்தும் அடித்தளத்துக்குப் பொத்தானை அழுத்தியிருந்தார். நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. மகள் மூக்கைத் தேய்த்தாள். பிறகு இருமினாள். "அப்பா, தொண்டைல முள்ளு" என்றாள். குரல் கம்மியிருந்தது.

எனக்கு அது வெறும் இருமலாகத்தான் பட்டது. அவருக்கு அப்படியில்லை. "அதே இருமல்டி. அன்னைக்கும் இப்படித்தான்" என்றார். காதுக்குப் பின்னால் தடிப்பு தடிப்பாக எழும்பியிருந்தது. ஊசி போடும் விதத்தை எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள், ஆனாலும் மூடியைக் கழற்ற என் விரல்கள் வளையவில்லை. அவர் பல்லால் கடித்து மூடியை இழுத்தார். தரையில் உட்கார்ந்து அவளை மடியில் கிடத்தி, தொடையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார். "பிடிச்சிருக்கேன். போடு" என்றார். கால்சட்டைத் துணியோடு சேர்த்து தொடையின் வெளிப்பக்கம் அழுத்தினேன். அவள் அலறினாள்.

அந்த நேரத்தில் கதவு திறந்தது. அடித்தளக் காவலாளி பார்த்தது, ஒரு ஆள் குழந்தையின் காலை அமுக்கிப் பிடித்திருப்பதையும் ஒரு பெண் ஊசியால் குத்துவதையும்தான். அவர் என் கணவரின் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தார். என் கணவர் திருப்பி அடிக்கவில்லை. மகளை விடாமல், "அலர்ஜிங்க. மருந்து போட்டிருக்கு. மேல போகணும்ங்க, மேல" என்று மட்டும் சொன்னார். மகளின் வீங்கிய உதட்டைப் பார்த்ததும் காவலாளிக்குப் புரிந்துவிட்டது. அவரே உள்ளே வந்து பொத்தானை அழுத்தினார். இடையில் ஏற வந்தவர்களை, "அடுத்ததுல வாங்க" என்று விரட்டினார். மேலே டாக்டரம்மா லிஃப்ட் வாசலிலேயே நின்றிருந்தார்.

மூச்சு சீராகும்வரை எங்களை வெளியே நிறுத்தினார்கள். என் கணவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் பாலைப் பற்றியும் அப்போதே சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர், "எப்படிக் குடிக்கிறா?" என்று கேட்டார். "பால் மீசை வச்சுக்கிட்டு" என்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதன் பிறகு கையில் கட்டோடு நர்ஸ் வந்தார். என் கணவர் எழுந்து நின்று கை கூப்பினார். நர்ஸ், "மொதல்ல பொண்ணைப் பாருங்க. உங்களை அப்புறம் பாத்துக்கறேன்" என்றார்.

என் மகள் இப்போது நலமாக இருக்கிறாள். முட்டை அவளுக்கு ஆகாது என்பது உறுதியாகிவிட்டது. பால் தொடர்கிறது. கோதுமைச் சோதனை பாக்கி இருக்கிறது. அதற்கு இருவரும் வந்து உட்கார்ந்தால்தான் நடத்துவேன் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

என் கணவரைக் காவலில் வைத்திருக்கும் இந்த நிலையத்துக்குள் வருமுன் என் கொழுந்தனார் வெளியே என்னிடம், "அண்ணி, நர்ஸ் கால் தடுக்கி விழுந்துட்டாங்கன்னு சொல்லிடுங்க. ஒரு வார்த்தை, அண்ணன் வீட்டுக்கு வந்துடுவாரு" என்றார். அப்படிச் சொல்ல நான் தயாராக இல்லை. நர்ஸ் கால் தடுக்கி விழவில்லை. என் குழந்தைக்காக வாசலில் நின்றதால் விழுந்தார். அதே நேரம், லிஃப்டில் என் கணவர் அந்த இருமலை அடையாளம் கண்டுகொள்ளாமல் இருந்திருந்தால் நான் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றிருப்பேன் என்பதையும் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

எழுத்தர் இதை எனக்கு வாசித்துக் காட்டினார். "தள்ளியதாகத் தெரிகிறது" என்று இருந்த இடத்தை "தள்ளினார்" என்று திருத்தச் சொன்னேன். திருத்திய இடத்தில் தனியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மற்றவை நான் சொன்னது சொன்னபடி இருக்கின்றன, யாரும் என்னை மிரட்டியோ கெஞ்சியோ வாங்கியது அல்ல.

(ஒப்பம்)
குழந்தையின் தாய்