கப்பலில் ஏறிய சரக்கு

மார்ச் மாதம் எனக்குப் பிடிக்கும். செங்கல்பட்டு ஏரிப் பக்கம் விடிகாலையில் நடந்தால் குளிர்ச்சி இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும். கணக்கராகச் சேர்ந்து மேலாளரானவன் நான். வருடக் கடைசி வந்தால் சுறுசுறுப்பாகிவிடுவேன்.

நீங்கள் கேட்டதால் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். புரொப்பேன் வாயுவைத் திரவமாகக் கப்பலில் ஏற்றி வெளிநாட்டுக்கு விற்கிறோம். எங்கள் ஒப்பந்தப்படி, கப்பலில் ஏறியதும் சரக்கு வாங்கியவருடையது. அப்போதுதான் அது எங்கள் வருமானமாகும். மார்ச் முடிவதற்குள் ஏறினால் இந்த வருடக் கணக்கு, ஏப்ரலில் ஏறினால் அடுத்த வருடம். இந்த வருட இலக்கு முடிந்துவிட்டது என்று முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். கப்பல்தான் தாமதமாகிவிட்டது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலுக்குள் நீளும் எங்கள் பாலத்தில் அது வந்து நின்றபோது மார்ச்சின் கடைசி நாள். ஏற்றும் வேலைக்குப் பூபாலன் பொறுப்பு. கல்பாக்கம் பக்கத்து ஆள், நல்ல உழைப்பாளி. மத்தியானம் போன் செய்தான்.

"சார், குழா மூட்டுல ஐஸ் கட்டிகினு கீது. லேசா சீறுது, கேஸ் லீக் ஆவுது. நிறுத்திடறேன்."

உண்மையைச் சொன்னால், அவனை நான் சந்தேகப்பட்டேன். ஓவர்டைம் கேட்டு நான் மறுத்திருந்தேன். அந்தக் கோபத்தில் இழுத்தடிக்கிறான் என்று தோன்றியது.

"மெயின்டனன்ஸ்காரங்க பார்த்துட்டாங்க. ஒண்ணும் பயமில்லை, ஏத்து" என்றேன்.

"நா இங்கதான கீறேன், யாரும் வரலியே சார்."

"நீ சாப்பிடப் போனப்ப வந்தாங்க பூபாலா."

சரி என்றான். யாரும் வந்து பார்க்கவில்லை. நான் யாரையும் அனுப்பவே இல்லை.

சாயங்காலத்துக்குள் ஏற்றி முடித்தார்கள். குழாயைக் கழற்றும்போது தீப்பிடித்தது. செய்தி வந்ததும் நான் முதலில் கேட்டது, சரக்கு ஏறியதற்குக் கேப்டன் கையெழுத்துப் போட்டாரா என்பதுதான். போட்டிருந்தார். அப்புறம்தான் யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். செத்தது பூபாலன் ஒருவன்தான்.

குழாய் இணைப்பைச் சரியாக இறுக்காமல் விட்டது அவன் கவனக்குறைவு என்று விசாரணையில் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள், அவன் மனைவி ஜெனிட்டாவைத் தவிர. சாவு வீட்டிலேயே கேட்டாள்: "ராமானுஜம் சார், அவரு கடைசியா உங்களாண்ட இன்னா பேசுனாரு?"

"வேலை முடியப்போகுதுன்னார்மா."

"அவ்ளோதானா?"

அவள் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. இரக்கப்பட்டு எங்கள் அலுவலகத்திலேயே அவளுக்கு வேலை கொடுத்தேன். என் அறைக் கண்ணாடிக்கு நேரெதிரே இடம். யாரோடு பேசுகிறாள், எந்த அலமாரியைத் திறக்கிறாள் என்று தெரிந்துகொள்வது நல்லதுதானே. அவளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நிமிரும்போதெல்லாம் குனிந்துகொள்வாள். அவள் கொண்டுவந்து வைத்த டீயைக் குடிக்காமல் ஆறவிட்ட நாட்கள் உண்டு.

போன வாரம் மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். உள்ளே வந்து எதிரே உட்கார்ந்தாள். போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"சண்டைக்கு வர்ல சார். புள்ளைங்க கேக்குது, அப்பாதான் தப்பு பண்ணாரான்னு. நா இன்னா சொல்றது?"

அதைக் கேட்டதும் சொல்லிவிட்டேன். ஐஸ் கட்டியதை, அவன் நிறுத்துகிறேன் என்றதை, நான் சொன்ன பொய்யை. தீப்பிடிக்கலாம் என்று தெரிந்தேதான் ஏற்றச் சொன்னேன் என்பதையும். சொல்லி முடித்ததும் மனசு லேசானது.

இன்ஸ்பெக்டர், நீங்கள் போட்டுக் காட்டிய பதிவில் இருப்பது என் குரல்தான், மறுக்கவில்லை. ஆனால் அதன் கடைசிப் பகுதியை நீங்கள் சரியாகக் கேட்கவில்லை. அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. போனை எடுத்துக்கொண்டு "வரேன் சார்" என்றாள். என்னை மன்னித்துவிட்டாள் என்பது அந்தக் குரலிலேயே தெரியும். இன்னொரு தடவை போட்டுக் கேட்டுப் பாருங்கள்.